வெள்ளவத்தைக் கரையில் மாலைத் தூண்டில்

தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்து, ஐப்பசியில் கடல் தணியும்போது தூண்டில் போடப் போகிறவர்கள் கவனிக்க:

● மாலை 6 மணியை ஒட்டிய நேரம் நல்லது. பாரை, சீலா போன்றவை மங்கலில் இரைதேடிக் கரையோரம் வரும்.

● தங்கூசியை விரலால் நீவிப் பாருங்கள். பாறையில் உரசிச் சொரசொரப்பாக இருந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிடுங்கள்.

● இடி முழக்கம் கேட்டதுமே தடியைக் கீழே வைத்துவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.

● கெளிற்று முள் குத்தினால் தாங்கக்கூடிய சுடுநீரில் கையை அரை மணி நேரம் வைத்திருங்கள். பிறகு வைத்தியரிடம் காட்டுங்கள்.

● ரயில் பாதையை இருபுறமும் பார்த்தே கடக்க வேண்டும். அலைச் சத்தத்தில் ரயில் வருவது கேட்காமல் போகலாம்.

● அறுந்த தங்கூசியைக் கரையில் விடாதீர்கள். கடலாமையின் கழுத்தை அது இறுக்கும். சுருட்டி வீட்டுக்கே கொண்டுவாருங்கள்.