நியூமெரிக்கல் அனாலிசிஸில் எதை எடுப்பது?

எம்.எஸ்சி. கணிதம் முடித்து இந்தப் பக்கம் பிஎச்.டி.க்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "இப்போ எது சார் டிரெண்ட்?" நாள் முழுக்க நிறுவல் எழுதப் பிடிக்குமா, புரோகிராமில் பிழை தேடப் பிடிக்குமா என்பதை வைத்துத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

தமிழ்நாட்டில் எளிதில் கைக்கு வருவது சிங்குலர் பெர்டர்பேஷன். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் இதற்கு ஒரு மரபே உண்டு. ஒரு சின்னக் கணக்கு: முதல் வகைக்கெழுவிலிருந்து இரண்டாம் வகைக்கெழுவின் எப்சிலான் மடங்கைக் கழித்தால் 1, 0 முதல் 1 வரையான இடைவெளியின் இரு முனைகளிலும் மதிப்பு 0. எப்சிலான் 0.000001 என்றால், விடை சீராக ஏறி, வலது முனையை ஒட்டிச் சட்டென்று விழும்; 1ஐ எங்கும் தாண்டாது. இடைவெளியை 100 சம பாகமாக்கி சென்ட்ரல் டிஃபரன்ஸ் போட்டுப் பாருங்கள். மதிப்புகள் 0 பக்கமும் 50 பக்கமுமாக மாறிமாறித் துள்ளும்! ஷிஷ்கின் மெஷ் பாதிப் புள்ளிகளை அந்த மெல்லிய விளிம்புக்குள் குவித்து இதை அடக்குகிறது. பேனாவும் மேட்லாபும் போதும். ஆனால் கூட்டம் அதிகம். பழைய சமன்பாட்டில் ஒரு தாமத உறுப்பைச் சேர்த்து எழுதும் தீசிஸை இன்னொன்று சேர்க்க வேண்டுமா என்று யோசியுங்கள்.

ஃபைனைட் எலிமென்ட்டுக்கு ஃபங்ஷனல் அனாலிசிஸ் உறுதியாக இருக்க வேண்டும். பெங்களூரு டி.ஐ.எஃப்.ஆர். மையம் போன்ற இடம் கிடைத்தால் துணிந்து இறங்கலாம். 1991இல் நார்வேயின் ஸ்லெய்ப்னர் கான்கிரீட் மேடை மூழ்கியதற்கு ஒரு காரணம், ஃபைனைட் எலிமென்ட் கணக்கு வெட்டுத் தகைவை 47 சதவீதம் குறைத்துக் காட்டியது. பிழை மதிப்பீட்டில் ஆய்வு ஏன் தேவை என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

என்னைக் கேட்டால் அணிக் கணக்கீடு. பாய்சான் சமன்பாட்டில் கட்ட இடைவெளியைப் பாதியாக்கினால் அதிலிருந்து வரும் அணியின் கண்டிஷன் நம்பர் நான்கு மடங்காகும். 1952இல் ஹெஸ்டனஸும் ஸ்டீஃபலும் தந்த கான்ஜுகேட் கிரேடியன்ட் முறைக்குச் சுமார் இரு மடங்கு சுற்றுகள் தேவைப்படும். இதைக் குறைக்கும் பிரீகண்டிஷனரைத் தேடுவதிலேயே ஒரு தீசிஸ் இருக்கிறது. நிறுவலும் நிரலும் சரிபாதி. பிறகு எந்தத் துறைக்குப் போனாலும் கைகொடுக்கும்.

நியூரல் நெட்வொர்க் வழியாகச் சமன்பாடு தீர்ப்பது, 2019இல் ரைஸி, பெர்டிகாரிஸ், கார்னியடாகிஸ் கட்டுரைக்குப் பிறகு பரவிய மோகம். அளவீடுகளிலிருந்து அறியாத கெழுவைக் கண்டுபிடிப்பது போன்ற தலைகீழ்க் கணக்குகளில் பயன் உண்டு. இரு பரிமாண வெப்பச் சமன்பாட்டைத் தீர்க்க இதை எடுத்தால் பழைய முறைகளே பெரும்பாலும் முந்திவிடும்.

சேருமுன் அந்த கைடின் மாணவர்கள் எழுதிய தீசிஸ்களை ஷோத்கங்கா ஆய்வேட்டுத் தளத்தில் எடுத்துப் படியுங்கள். புள்ளிகளை இரட்டிப்பாக்கும்போது பிழை, தேற்றம் சொல்லும் வேகத்தில் குறைகிறதா என்று அட்டவணையில் விரல் வைத்துப் பாருங்கள். குறையாமல், அதற்கு விளக்கமும் இல்லாவிட்டால் வேறு கைடைத் தேடுங்கள்.