மூளை வளர்ச்சியும் சமையல் உப்பும்

நாற்றங்காலில் ஊட்டம் குறைந்த நாற்றுக்கு, நட்டபின் எவ்வளவு உரமிட்டாலும் முழுப்பலன் கிட்டாது என்பதை உழவர் நன்கறிவர். குழந்தையின் மூளைக்கும் இது பொருந்தும். அதன் நாற்றங்கால் தாயின் கருப்பையே.

கருவில் மூளையின் உயிரணுக்கள் பெருகித் தத்தம் இடம் சேர்ந்து, கிளைவிட்டு, ஒன்றோடொன்று இணைகின்றன. இவ்வேலையைத் தூண்டும் புரதங்களே வளர்ச்சிக் காரணிகள். இவற்றைக் கண்டறிந்தமைக்காக ரீட்டா லெவி-மொண்டால்சினி அம்மையாரும் ஸ்டான்லி கோஹனும் 1986-இல் நோபல் பரிசு பெற்றனர்.

இக்காரணிகளுடன் தைராய்டுச் சுரப்புநீரும் மூளையை வளர்க்கிறது. அது உண்டாவதற்கு அயோடின் இன்றியமையாதது. ஏறத்தாழ ஐந்தாம் மாதம் வரை கருவின் சுரப்பி போதிய அளவு இயங்காது. தாயின் சுரப்புநீரே துணை. கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு வேண்டிய அயோடின் 250 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமில் நாலாயிரத்தில் ஒரு பங்கு. இச்சிறு அளவு கிடைக்காவிடில் குழந்தையின் அறிவுத்திறன் குன்றலாம். கடுங்குறைவால் செவித்திறனும் பேச்சும் கெடும்.

“கடலருகே வாழும் நமக்கு இக்குறை ஏது?” என்று திருநீர்மலைப் பகுதியினர் கேட்கலாம். மழையும் வெள்ளமும் மண்ணிலுள்ள அயோடினைக் கரைத்துச் சென்றுவிடுகின்றன. கடல்நீரில் விளையும் சாதாரண உப்பிலோ அது மிகச் சொற்பமே. ஆகவேதான் உப்பில் அயோடினைச் சேர்க்கிறோம். இமயமலைச் சாரலில் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் 1956-இல் தொடங்கிய ஆய்வு இதன் பயனை நிறுவியது. 1962-இல் தேசியத் திட்டம் பிறந்தது.

எனினும், 2018-19 கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் போதிய அயோடினுள்ள உப்பைப் பயன்படுத்திய குடும்பங்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 62 மட்டுமே. மாநிலங்களுள் இதுவே மிகக் குறைவு. உப்பு விளைவிக்கும் நமக்கு இது பெருமையன்று.

நாம் செய்ய வேண்டுவன:

1. அயோடின் கலந்தது என்று அச்சிட்ட உறையிலுள்ள உப்பையே வாங்குக. மூட்டையிலிருந்து அளந்து தரும் சாதாரணக் கல்லுப்பைச் சமையலுக்குத் தவிர்க்க.

2. ஈரமும் வெயிலும் படாமல் மூடிய சாடியில் வைக்க. சமையல் முடியும் தறுவாயில் உப்பிடுதல் நலம்.

3. உப்பின் அளவைக் கூட்ட வேண்டா; நாளொன்றுக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குள் அமைக.

4. ஊராட்சி உறுப்பினர்கள் கிராம சுகாதாரச் செவிலியரின் உதவியுடன் கடை உப்பையும் வீட்டு உப்பையும் சோதிக்க ஏற்பாடு செய்க. சோதனைத் திரவம் பட்டதும் அயோடின் உப்பு நீலமாகும்.

சாலையும் கிணறும் இவ்வாண்டு இல்லையேல் அடுத்த ஆண்டில் அமையும். கருவில் தவறிய மூளை வளர்ச்சிக்கு அடுத்த ஆண்டு இல்லை.