எத்தனை நிமிடம் நிற்க வைப்பார்கள்?

கோவையில் பம்ப் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தேன். புதிதாகச் சேர்ந்த ஆபரேட்டர்களுக்கு வெர்னியர் காலிப்பர் பார்க்கச் சொல்லிக்கொடுக்கும் வேலை ஒருநாள் என் தலையில் விழுந்தது. ஒரு மணி நேரம் பேசினேன். முதன்மைக்கோல், வெர்னியர்கோல், மீச்சிற்றளவு 0.02 மி.மீ. என்று பலகை நிறைய எழுதினேன். 22 பேரும் தலையாட்டினார்கள். மறுநாள் லைனில் ஒரு பையன் காலிப்பரை ஸ்பேனர் மாதிரிப் பிடித்து ஷாஃப்டை இறுக்கிக்கொண்டு நின்றான்.

அடுத்த மாதமே ‘ட்ரெயின் த ட்ரெய்னர்’ என்ற மூன்று நாள் வகுப்புக்கு என்னை அனுப்பிவிட்டார்கள். நன்றாகப் பேசச் சொல்லித்தருவார்கள் என்று நினைத்துப் போனேன். பேச்சை எங்கே நிறுத்துவது என்பதிலேயே முதல் நாள் முழுக்கப் போயிற்று. அப்படி ஒரு வகுப்புக்குப் பணம் கட்டப்போகிறவர்களுக்கு, பட்டுத் தெரிந்துகொண்ட சிலதைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. மூன்று நாள், நாளுக்கு ஆறு மணி நேரம் என்றால் 1,080 நிமிடம். வகுப்பில் 40 பேர் இருந்தால் ஆளுக்கு 27 நிமிடம். அதில் பாதியை நடத்துகிறவரே பேசித் தீர்ப்பார். மிச்சத்தில் பாதி, பேசியவரைப் பற்றிக் கருத்துச் சொல்வதில் போகும். உங்கள் கைக்கு வருவது ஏழு நிமிடத்துக்கும் கீழே. 12 பேர்தான் என்றால் இதே கணக்கில் 22 நிமிடம் கிடைக்கும். மூன்று தடவை எழுந்து நிற்கலாம். ஆகவே போன் போட்டு விசாரிக்கும்போது, சான்றிதழ் எந்த நாட்டினுடையது என்பதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். பேட்ச்சில் எத்தனை பேர், நான் எத்தனை முறை பேசுவேன், வீடியோ எடுத்துக் காட்டுவீர்களா என்று கேளுங்கள். “வாழ்க்கையே மாறிடும் சார்” என்று பதில் வந்தால் போனை வைத்துவிடலாம்.

இன்னொன்று, உங்களுக்கு வேண்டியது எது என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். சபைக் கூச்சம் மட்டும்தான் தொல்லை என்றால் பல ஆயிரம் கொடுத்து மூன்று நாள் வகுப்புக்குப் போக வேண்டியதில்லை. டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப் ஒன்றில் சேர்ந்தால் போதும். 1924இல் கலிபோர்னியாவின் சான்டா அனாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கியது; சென்னையிலும் கோவையிலும் கிளப்புகள் இருக்கின்றன. வழக்கமான ஒரு பேச்சுக்கு ஐந்து முதல் ஏழு நிமிடம். ஐந்தாவது நிமிடம் பச்சை, ஆறாவதில் மஞ்சள், ஏழாவதில் சிவப்பு. நீங்கள் எத்தனை தடவை ‘ஆ...’ என்று இழுத்தீர்கள் என்று எண்ணுவதற்கே ஓர் ஆளை உட்கார வைத்திருப்பார்கள். சின்ன ஊர்களில் ஜேசிஸ் அமைப்பு இதைப் பல வருடமாகச் செய்துவருகிறது. இன்று கம்பெனி கம்பெனியாகப் போய் வகுப்பெடுக்கும் பலர் அங்கே மைக் பிடிக்கக் கற்றவர்கள். அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு மத்திய அரசின் பணியாளர், பயிற்சித் துறை வகுத்த ஐந்து நாள் நேரடிப் பயிற்றுநர் திறன் வகுப்பு உண்டு. துறை அனுப்பினால் விடாதீர்கள்.

வகுப்புக்குள் போவோம். நல்ல வகுப்பு எதுவானாலும் அதன் முதுகெலும்பு ‘மைக்ரோ டீச்சிங்’தான். பி.எட். முடித்தவர்களுக்கு இது பழைய சங்கதி. 1960களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பிறந்த முறை: சின்னப் பாடம், சின்னக் கூட்டம், ஐந்து பத்து நிமிடம், உடனே குறை நிறை, மறுபடி அதே பாடம். அந்த ‘மறுபடி’ இல்லாத வகுப்பில் உங்கள் தப்பு உங்களுக்குத் தெரியும், திருந்த வாய்ப்பு இருக்காது.

முதல் நாள் மாலை என் எட்டு நிமிட வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள். அந்த ஆளை எனக்கு அடையாளமே தெரியவில்லை. பேனா மூடியைத் திறந்து மூடித் திறந்து மூடி, டிக் டிக்கென்று ஒரு தாளம். பாதி நேரம் முதுகைக் காட்டிக்கொண்டு பலகையிடம் பேசினேன். ‘ஓகேவா?’ என்று 31 தடவை கேட்டிருக்கிறேன். ஒரு தடவைகூடப் பதிலுக்காக நிற்கவில்லை. நடத்தியவர் அதிகம் சொல்லவில்லை. “யாரைக் கேட்டீங்க?” என்றார், அவ்வளவுதான்.

மறுநாள் எனக்குக் கொடுத்த வேலை, கேள்வி கேட்டுவிட்டு மனசுக்குள் ஐந்து எண்ணுவது. எளிதாகத் தோன்றும். அத்தனை முகங்களும் பார்த்துக்கொண்டிருக்கும்போது மூன்றைத் தாண்டுவதற்குள் வியர்த்துவிடும். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் இதை வகுப்பறைகளில் அளந்து 1970களில் எழுதியிருக்கிறார்: கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பொதுவாகக் காத்திருப்பது ஒரு விநாடி அளவுக்குத்தான், மூன்று விநாடி பொறுத்தாலே மாணவர்களின் பதில் நீள்கிறது, வாய் திறக்காதவர்களும் திறக்கிறார்கள். மேடைப் பேச்சில் ஊறிய ஊர் நம்முடையது. பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த நமக்குக் கைத்தட்டல் வந்தால்தான் நிம்மதி. பயிற்சி அறையில் கைத்தட்டல் கொஞ்சம் ஆபத்தான சத்தம் என்பது என் எண்ணம். கேட்டவர்கள் ரசித்தார்கள் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் கிடையாது.

வகுப்பில் திரையில் வருவதையெல்லாம் நம்பிவிடாதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். வார்த்தைக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55 என்று ஒரு வட்டப் படம் கட்டாயம் வரும். அந்த எண்களுக்கு மூலமான, ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் செய்த ஆய்வுகள், சொல்லும் தொனியும் முகமும் ஒன்றுக்கொன்று முரண்படும்போது பேசுபவரின் விருப்பு வெறுப்பை எதை வைத்துக் கணிக்கிறோம் என்று பார்த்தவை. காலிப்பர் பாடத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ‘படித்ததில் 10 சதவீதம், செய்ததில் 90 சதவீதம் நினைவிருக்கும்’ என்ற கூம்புப் படமும் அப்படியே. 1946இல் எட்கர் டேல் வரைந்த கூம்பில் சதவீதமே கிடையாது. யாரோ பின்னால் ஒட்டியது. இந்த இரண்டையும் உங்கள் ஸ்லைடில் போடாமலிருந்தாலே பாதிப் பயிற்சியாளர்களைவிட மேல்.

எனக்கு உண்மையில் உதவியது செஷன் பிளான். ‘பங்கேற்பாளர்கள் வெர்னியரைப் புரிந்துகொள்வார்கள்’ என்று எழுதிக் கொடுத்தேன். தாள் திரும்பி வந்தது. புரிந்ததை எப்படிப் பார்ப்பீர்கள்? நாலாவது தடவைதான் தேறியது: ‘கொடுத்த ஐந்து ஷாஃப்டுகளின் விட்டத்தை, உதவியில்லாமல், 0.02 மி.மீ.க்குள் அளந்து எழுதுவார்.’ என்ன செய்வார், எந்த நிலையில், எந்த அளவுக்கு என்ற இந்த மூன்று கேள்வி ராபர்ட் மேகர் 1962இல் எழுதிய புத்தகத்திலிருந்து வந்தது. இலக்கை இப்படி எழுதிவிட்டால் பேச்சு தானாகவே சுருங்கிவிடும். அளக்க வைக்கவே நேரம் போதாதபோது வியாக்கியானத்துக்கு எங்கே போவது?

தொழிற்சாலைக்காரர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ளலாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், புதிய ஆட்களை அவசரமாகத் தயார்செய்ய அமெரிக்கா கொண்டுவந்த தொழிலகப் பயிற்சித் திட்டம் நாலே படி சொன்னது: ஆளைத் தயார்செய், செய்துகாட்டு, செய்யவிடு, பிறகு போய்ப் பார். போருக்குப் பின் இது ஜப்பான் போய், டொயோட்டாவில் வேர்விட்டது. நாம் பெரும்பாலும் இரண்டாவது படியோடு டீ குடிக்கப் போய்விடுகிறோம்.

பயம் போகுமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்குப் போகவில்லை, பழகிவிட்டது. முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொள்வேன், மீதியைச் செய்யமாட்டேன். அரை மணி முன்னால் போய் வாசலில் நின்று வருகிறவர்களிடம் பேர் கேட்பேன். மேடையேறும்போது நாலு பேராவது தெரிந்த முகம். கையில் ஏ4 தாள் வேண்டாம், நடுக்கத்தை அது பெரிதாக்கிக் காட்டும். கெட்டி அட்டை போதும். திரையை மறைக்க வேண்டுமென்றால் பவர்பாயின்ட் ஓடும்போது விசைப்பலகையில் ‘பி’ அழுத்துங்கள், கறுப்பாகிவிடும். கண்களெல்லாம் உங்களிடம் திரும்பும். பெர்மனென்ட் மார்க்கரில் வெள்ளைப் பலகையில் எழுதிவிட்டால் பதற வேண்டாம், அதன் மேலேயே போர்டு மார்க்கரால் எழுதித் துடைத்தால் போய்விடும். இந்தக் கடைசி வித்தை ஒன்றுக்கே கட்டிய பணம் சரியாகிவிட்டது என்று உடன் படித்தவர் ஒருவர் சொன்னார்.

வகுப்புக்குப் போகும் முன்பே, திரும்பிவந்த பத்து நாளுக்குள் ஒரு செஷனுக்குத் தேதி வாங்கிவிடுங்கள். தேதி இல்லாமல் போனவர்களின் கோப்பு இன்னும் பரணில்தான் இருக்கிறது.

நான் அதே காலிப்பர் பாடத்தை மறுபடி எடுத்தேன். ‘மீச்சிற்றளவு’ என்பதை விட்டுவிட்டு, லைனில் எல்லோரும் சொல்கிற ‘லீஸ்ட் கவுன்ட்’ என்றே சொன்னேன். பத்து நிமிடம் காட்டினேன். மூன்று பேருக்கு ஒரு காலிப்பர் கொடுத்து, ஷாஃப்டுகளை மேசையில் பரப்பிவிட்டு ஓரமாகப் போய் நின்றுகொண்டேன். ஸ்பேனர் மாதிரிப் பிடித்த பையன் வெகுநேரம் எதையும் அளக்கவில்லை. தாடைகளை மூடி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஐந்து எண்ணினேன், பத்தும் எண்ணினேன்.

“ஏனுங்ணா, இதுல மூடினாலும் ஜீரோ சேரலைங்களே?”

வாங்கிப் பார்த்தேன். சேரவில்லைதான். காலையில் அத்தனை காலிப்பரையும் எடுத்துவைத்த நான் ஒன்றைக்கூட மூடிப் பார்த்திருக்கவில்லை.