அகன்ற பார்வையும் அணுகிய பார்வையும்

நுழையும்முன்

கைப்பேசித் திரை உள்ளங்கை அளவினது. அதற்குள் ஒரு நாட்டின் வரைபடம் அடங்குவது எவ்வாறு? இரு விரல்களை விரித்தவுடன் ஊரும் தெருவும் விரிவதன் பின்னுள்ள சிந்தனையை விளக்குகிறது இப்பாடம்.

தமிழ்நாட்டு வரைபடத்தில் வடலூர் ஒரு புள்ளி. கடலூர் மாவட்ட அளவிற்கு அணுகினால், அவ்வூர் வழியே செல்லும் கடலூர் – விருத்தாசலம் இருப்புப்பாதையும் அருகிலுள்ள நெய்வேலிச் சுரங்கத்தின் பரப்பும் தோன்றுகின்றன. மேலும் அணுகினால் தெருக்கள் பெயர் பெறுகின்றன. 1872ஆம் ஆண்டில் வள்ளலார் நிறுவிய சத்திய ஞான சபையின் எண்கோண வடிவம் புலனாகிறது.

இது வெறும் உருப்பெருக்கம் அன்று. உருப்பெருக்கியில் புள்ளி பெரிய புள்ளியாகவே தெரியும். திரை வரைபடத்திலோ ஒவ்வொரு நிலையிலும் எதைக் காட்டுவது, எதை விடுப்பது என்பதை வடிவமைப்பாளர் முடிவு செய்கிறார். எல்லாத் தெருக்களின் பெயர்களையும் மாநிலப் படத்திலேயே பொறித்தால், ஒன்றையும் படிக்க இயலாது. முதலில் முழுமை, அடுத்து அணுகலும் வடிகட்டலும், வேண்டும்பொழுது நுண்விவரம் என்னும் வரிசையை அமெரிக்கக் கணினி அறிஞர் பென் ஷ்னைடர்மன் 1996இல் வகுத்துரைத்தார்.

நம் நில ஆவணங்களிலும் இத்தகைய படிநிலை உண்டு. மாவட்டப் படம், வட்டப் படம், கிராமப் படம் என இறங்கிப் புலப்படத்தை அடைகிறோம். ஒரு புல எண்ணுக்குரிய எல்லைகளும் அளவுகளும் உட்பிரிவுகளும் அதில் இடம்பெறும். எனினும், ஒரு தாளை வைத்துவிட்டு மற்றொன்றை எடுக்கும்பொழுது பார்வையின் தொடர்ச்சி அறுபடுகிறது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2009இல் வெளியிட்ட ‘புவன்’ போன்ற திரை வரைபடங்களில் அத்தொடர்ச்சி காக்கப்படுகிறது.

தெரிந்து தெளிவோம்

திரை வரைபடம் சதுரத் துண்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. தொடக்க நிலையில் உலகம் முழுவதும் ஒரே துண்டு. ஒவ்வொரு நிலை அணுகும்பொழுதும் ஒரு துண்டு நான்காகிறது. பத்து நிலைகள் கடந்தால் 10,48,576 துண்டுகள். அவற்றுள் திரைக்கு வேண்டிய சில துண்டுகளே தருவிக்கப்படுகின்றன.

சுரங்கத்தைத் திட்டமிடுவோர்க்கு நிலம் ஒரு பரந்த வண்ணப் பரப்பு; அங்குள்ள உழவர்க்கோ தம் புல எண்ணே வாழ்வு. அகன்ற பார்வை மட்டும் இருப்பின் உழவரின் வயல் மறைந்துவிடும். அணுகிய பார்வை மட்டும் இருப்பின் சுரங்கம் எத்திசையில் விரிகிறது என்பதை அவர் அறியார். இருவரும் ஒரே படத்தில் ஏறியும் இறங்கியும் காண வழிசெய்வதே நல்ல வடிவமைப்பு. முழுமையைக் காணும் உரிமையும் தம் வரப்பைக் காணும் உரிமையும் எல்லார்க்கும் பொதுவானவை.