அமர்ந்து ஓட்டும் புல்வெட்டி: இயந்திரப் பராமரிப்பு

கபோச் சந்தையின் ஒடுங்கிய தெருக்களில் புல்வெட்டிக்கு இடமில்லை. ஆயினும் இங்கிருந்து காலையில் புறப்பட்டு மொண்டெல்லோப் பகுதித் தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்லும் எம்மவர் சிலருக்கு, இத்தாலியர் 'த்ரத்தோரீனோ' என்று அழைக்கும் அமர்ந்து ஓட்டும் புல்வெட்டி அன்றாடப் பணிக்கருவியாகும். அதன் கைநூல் இத்தாலிய மொழியில் உள்ளது. பெரும்பாலும் வீட்டு உரிமையாளரின் இழுப்பறையிலேயே கிடக்கும்.

இயந்திரம் இறுகி நின்றுவிட்டதால் ஏற்பட்ட செலவைச் சம்பளத்தில் கழிக்கப்போவதாக எழுதப்பட்ட கடிதமொன்றை ஒருவர் மொழிபெயர்ப்புக்காக என்னிடம் கொண்டுவந்தார். ஒயில் எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு இரு தரப்பினரிடமும் ஒரு வரிகூட எழுத்தில் இருக்கவில்லை. ஆகவே பின்வருவனவற்றைச் செய்வதுடன், செய்த நாளையும் மணிக்கணக்கையும் ஒரு கொப்பியில் குறித்து, உரிமையாளரிடம் கையொப்பம் பெற்றுக்கொள்ளுங்கள்.

இவ்வகை இயந்திரம் பொதுவாகக் காற்றினால் குளிர்விக்கப்படுவது. ஒற்றைச் சிலிண்டர் இயந்திரத்தில் ஏறத்தாழ ஒன்றரை லீற்றர் ஒயிலே இருக்கும். உராய்வைக் குறைப்பதோடு வெப்பத்தைக் கடத்தும் வேலையையும் அச்சிறு அளவே செய்கின்றது. அரை லீற்றர் குறைந்தாலும் பாதிப்புப் பெரிது. எனவே ஒவ்வொரு முறையும் வேலை தொடங்குமுன், வண்டியைச் சமதரையில் நிறுத்தி, அளவுக் கம்பியை இழுத்துத் துடைத்து, மீண்டும் செருகிப் பார்த்தல் வேண்டும். மேற்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தவறு, புகை கக்கும்.

புதிய இயந்திரத்துக்கு முதல் ஐந்து முதல் எட்டு மணி நேர ஓட்டத்தின் பின்னரும், அதன்பின் பல இயந்திரங்களுக்கு ஐம்பது மணி நேரத்துக்கு ஒருமுறையும் ஒயில் மாற்றப்படும். திட்டமான அளவைக் கைநூலில் 'ஓரே', அதாவது மணிகள், என்ற சொல்லுக்கு அருகே காணலாம். சிறிது நேரம் ஓட்டி, ஒயில் இளஞ்சூடாக இருக்கையில் வடித்தால் அழுக்கும் சேர்ந்து இறங்கும். வடிப்பதற்கு முன் சாவியை எடுத்துவிட்டுப் பிளக்கின் கம்பியையும் கழற்றிவிடுங்கள். புதிய ஒயில் வடிகட்டியின் ரப்பர் வளையத்தில் சிறிது ஒயில் தடவிக் கையாலேயே இறுக்குங்கள். வெப்பமான காலநிலைக்கு எஸ்.ஏ.ஈ. 30 வகை வழக்கமானது. கைநூல் வேறு கூறின் அதுவே செல்லும்.

பிளக்கை இத்தாலியர் 'கந்தேலா' என்பர். மொந்தே பெல்லெக்ரீனோ மலையில் சாந்தா ரொசாலியாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவோர் அறிந்த அதே சொல்தான். கடையில் கேட்கும்போது எதற்கென்று சொல்லிவிடுங்கள்.

காற்று வடிகட்டியை நம் ஊரில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியுள்ளது. சிரோக்கோக் காற்று வீசும் நாள்களில் சகாரா மணல் பலெர்மோ வரை வந்து படிகின்றது. ஆகவே அத்தகைய நாளின் பின் மணிக்கணக்கைப் பாராமல் மூடியைத் திறந்து பாருங்கள். பஞ்சு உறையைச் சவர்க்கார நீரில் கழுவி நன்கு உலர்த்தலாம். காகித வடிகட்டியைக் கழுவலாகாது; மெதுவாகத் தட்டலாம், கறுத்திருந்தால் மாற்றிவிட வேண்டும். சிலிண்டரைச் சுற்றியுள்ள மெல்லிய உலோகத் தகடுகளிடையே காய்ந்த புல் அடைத்தால் இயந்திரம் சூடேறும், கோடையில் தீப்பற்றவும் கூடும். நன்கு ஆறிய பின் தூரிகையால் அகற்றுங்கள். சூடான இயந்திரத்தில் பெற்றோல் ஊற்றாதீர்கள்.

கைநூல்கள் பல, குளிர்காலத்தில் வண்டியை ஒதுக்கி வைப்பது பற்றிக் கூறுகின்றன. அது வடக்கு நாடுகளுக்குப் பொருந்தும். இங்கோ மழை பெரும்பாலும் ஒக்டோபர் முதல் மார்ச் வரையில். நீர் பாய்ச்சாத நிலத்தில் புல் அப்போதுதான் வளரும், யூலை, ஓகஸ்ட் மாதங்களில் கருகிவிடும். ஆகவே வண்டி சும்மா நிற்கும் காலம் நமக்குக் கோடையே. எதனோல் கலந்த பெற்றோல் ஒரு மாதத்துக்கு மேல் நின்றால் கெட்டுக் கார்புரேட்டரில் பிசின்போற் படியும். ஒதுக்குமுன் தாங்கியை வெறுமையாக்குங்கள், அல்லது பெற்றோலைக் கெடாது காக்கும் திரவத்தைக் கலந்து சில நிமிடங்கள் ஓட்டுங்கள். பற்றறியின் இணைப்பையும் கழற்றி வையுங்கள்.

வடித்த ஒயிலைச் சாக்கடையிலோ மரத்தடியிலோ ஊற்றுதல் 2006ஆம் ஆண்டின் 152ஆம் இலக்கச் சட்டவாணையால் தடைசெய்யப்பட்டுள்ளது. கழிவைக் கைவிடுதல் 2023 முதல் தனிநபருக்கும் குற்றவியல் குற்றமாகும். உரிமையாளர் சொன்னதால் ஊற்றினேன் என்பது ஊற்றியவரைக் காப்பாற்றாது. மூடியுள்ள கலனில், தண்ணீரோ சமையல் எண்ணெயோ கலவாமல் சேர்த்து வைத்து, மாநகரக் கழிவுச் சேகரிப்பு நிலையத்தில் ஏற்கிறார்களா என்று முன்கூட்டியே கேட்டறிந்து ஒப்படையுங்கள். கேட்க வேண்டிய சொல் 'ஓலியோ எசாவுஸ்தோ'.