கடைசிச் சுற்றில் உதார் விடலாமா?

2003-ல் லாஸ் வேகாஸில் நடந்த உலகப் போக்கர் தொடரில் கடைசியாக இருவர் மிஞ்சினார்கள். ஒருவர் சாமி ஃபார்ஹா, சீட்டில் பழம் தின்று கொட்டை போட்டவர். இன்னொருவர் கிறிஸ் மணிமேக்கர், டென்னசியைச் சேர்ந்த கணக்காளர். இணையத்தில் சின்னத் தொகை கட்டி ஆடித் தகுதி பெற்று வந்தவர். ஓர் ஆட்டத்தில் மேசையில் ஐந்தாவது பொதுச் சீட்டு விழுந்தது. போக்கரில் அதை ‘ரிவர்’ என்பார்கள். அதற்குமேல் சீட்டு வராது. மணிமேக்கர் கையில் ஒரு ராஜா, ஒரு ஏழு. எதுவும் சேரவில்லை. ஃபார்ஹாவிடம் ஒன்பதில் ஒரு ஜோடி. மணிமேக்கர் தன்னிடமிருந்த அத்தனையையும் நடுவில் தள்ளினார். ஃபார்ஹா வெகுநேரம் யோசித்துவிட்டுச் சீட்டைக் கவிழ்த்து மடங்கினார். பட்டமும் 25 லட்சம் டாலரும் கடைசியில் கணக்காளருக்குப் போயின.

குருட்டுத் துணிச்சல் இல்லை அது. மேசையில் மூன்று ஸ்பேடு கிடந்தன. நான்காவது சீட்டிலேயே மணிமேக்கர் பந்தயத்தை ஏற்றி, தன்னிடம் பெரிய கை இருப்பதாகக் காட்டத் தொடங்கிவிட்டார். ஸ்பேடு ராஜா அவரிடமே இருந்ததால், எதிராளியிடம் ஐந்து ஸ்பேடு சேர்ந்த பெரிய ஃப்ளஷ் இருக்கும் வாய்ப்பும் குறைந்தது. எதிரே இருந்தவரோ, யோசித்து மடங்கத் தெரிந்தவர்.

இப்போது திருவனந்தபுரத்தின் கழக்கூட்டத்துக்கு வருவோம். 1990-ல் தொடங்கிய டெக்னோபார்க்கில் இன்று 70,000 பேருக்குமேல் வேலை பார்க்கிறார்கள். நாகர்கோவில், மார்த்தாண்டம், களியக்காவிளைப் பிள்ளைகளுக்குச் சென்னை, பெங்களூருவைவிடத் திருவனந்தபுரம்தான் பக்கம். டெக்னிக்கல் சுற்றுகள் எல்லாம் முடிந்து, சம்பளம் பேச எச்ஆர் அழைக்கும் அந்தப் பத்து நிமிடம்தான் அவர்களுடைய ரிவர். “மேடம், பெங்களூருல ஒரு ஆஃபர் இருக்கு, பதினொண்ணு தர்றாங்க.” இல்லாத ஆஃபர். விடலாமா, கூடாதா?

முதலில் கதை பொருந்துகிறதா என்று பாருங்கள். முதல் சுற்றில், “ஏன் திருவனந்தபுரம்?” என்று கேட்டபோது என்ன சொன்னீர்கள்? “அம்மா மார்த்தாண்டத்துல தனியா இருக்காங்க, ஊருக்குப் பக்கத்துல இருக்கணும்” என்று உருகியிருப்பீர்கள். எச்ஆர் அதைக் குறித்து வைத்திருப்பார். கடைசிச் சுற்றில் திடீரென்று பெங்களூரு முளைத்தால், “அப்போ அம்மா?” என்று அவர் கேட்கவே வேண்டாம்; சிரித்துக்கொண்டே, “சரி, யோசிச்சு சொல்லுங்க” என்பார். ஆட்டம் முடிந்தது. ரிவரில் விடும் உதார் முதல் சீட்டிலிருந்தே தொடங்கியிருக்க வேண்டும். நடுவில் சொருகியது உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது கணக்கு. நடுவில் 1,000 ரூபாய் கிடக்கிறது, நீங்கள் 1,000 கட்டி உதார் விடுகிறீர்கள் என்றால், இரண்டில் ஒரு முறையாவது எதிராளி மடங்கினால்தான் கைக்காசு போகாது. 500 கட்டினால் மூன்றில் ஒரு முறை போதும். வேலையிலும் இதே கணக்குதான். இப்போதைய சம்பளம் 8 லட்சம், கையிலுள்ள ஆஃபர் 10, கேட்பது 11 என்று வையுங்கள். பலித்தால் 1 லட்சம் கூடும். ஆஃபரே கைவிட்டுப் போனால் 2 லட்சம் நஷ்டம். ஆக, மூன்றில் இரண்டு முறை பலித்தால்தான் கட்டுபடியாகும். போக்கரில் நன்றாக ஆடுபவர்கள் சுமாரான கையை வைத்துக்கொண்டு ரிவரில் உதார் விடுவதில்லை. சும்மா காட்டினாலே ஜெயிக்க வாய்ப்புள்ள கை அது. 10 லட்சம் உங்களுக்குத் திருப்தி என்றால் அதுவும் அந்த மாதிரிக் கைதான்.

மடங்கவே முடியாதவரிடம் உதார் வீண். பெரிய கம்பெனிகளில் அனுபவ ஆண்டுக்கும் கிரேடுக்கும் சம்பள வரம்பு கட்டியிருப்பார்கள். எதிரே பேசும் எச்ஆர் எக்சிகியூட்டிவ் உங்களை நம்பினாலும் வரம்பைத் தாண்டித் தர அவருக்கு அதிகாரமில்லை. சின்ன ஸ்டார்ட்அப்பில் நிறுவனரே பேசினால் நிலைமை வேறு. ஆனால் அவர்தான், “அந்த லெட்டரை மெயில்ல போடுங்க, பார்த்துட்டு மேட்ச் பண்றேன்” என்று உடனே கேட்கக்கூடியவரும்.

அந்த இடத்தில் போலிக் கடிதம் தயாரிக்க இறங்கினால் அது உதார் ஆகாது, குற்றம். ஏமாற்றுவதற்காகப் போலி ஆவணம் தயாரித்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின்படி 7 ஆண்டுவரை சிறை. இப்போதைய சம்பளத்தை ஏற்றிச் சொல்வதும் வேண்டாத வேலை. பே ஸ்லிப், ஃபார்ம் 16, பேங்க் ஸ்டேட்மென்ட் என்று மூன்றும் கேட்பார்கள். எந்தக் கம்பெனியில் எந்தத் தேதிவரை இருந்தீர்கள் என்பதை பி.எஃப். கணக்கே சொல்லிவிடும். சீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உதார் விடுவது உண்டா?

என்னைக் கேட்டால், பாதிப் பேர் உதார் விட்டு வாங்க நினைப்பதை நேராகக் கேட்டே வாங்கலாம். “11 கொடுத்தா இன்னைக்கே சைன் பண்றேன், இருபது நாள்ல ஜாயின் பண்றேன்.” இதில் பொய்யே இல்லை, ஆனால் கனம் உண்டு. 90 நாள் நோட்டீஸ் காலம் சகஜமாகிவிட்ட தொழிலில் சீக்கிரம் சேர முடிவது மணிமேக்கரின் ஸ்பேடு ராஜா மாதிரி. எதிராளியின் வழிகளை அடைத்துவிடும். இரண்டு மாதமாக ஆள் தேடி அலுத்த மேனேஜர் எச்ஆரிடம், “அவனை விட்டுடாதீங்க” என்று சொல்வது இந்த ஒரு காரணத்துக்காகத்தான். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். மௌனம் தாங்காமல், “பத்தரைன்னாலும் ஓகே” என்று நீங்களே இறங்கி வருபவராக இருந்தால், கேட்காமலே இருந்திருக்கலாம்.

ஆசை தீர உதார் விட்டுப் பழகவேண்டும் என்றால் நண்பர்களோடு காசில்லாமல் ஆடுங்கள். பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிவிட்டது. போக்கரும் அதில் அடக்கம்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். போனில் எச்ஆர் எவ்வளவு இனிமையாகப் பேசி 11-க்கு ஒப்புக்கொண்டாலும், அந்தத் தொகை ஆஃபர் லெட்டரில் அச்சாகி உங்கள் மெயிலுக்கு வரும்வரை பழைய வேலையில் ராஜினாமா போடாதீர்கள்.