பழத்தோட்டமும் நுண்ணுயிர்க் கரைசலும்

நமது ஏர்வாடிக் கடற்கரைப் பகுதி மணற்பாங்கானது; வடகிழக்குப் பருவமழையையே பெரிதும் நம்பியிருப்பது. இங்கே சப்போட்டா, கொய்யா, மாதுளை முதலிய பழமரங்களை வைக்க விரும்பும் அங்கத்தினர்கள், “நுண்ணுயிர்க் கரைசலைச் சங்கத்தின் மூலம் வாங்கித் தரலாகாதா?” என்று வினவுகின்றனர். வினா நியாயமானதே. கடன் பணம் செலவாகும் காரியமாதலால், விடையைச் சற்று ஆராய்ந்தே கூறுதல் வேண்டும்.

இக்கரைசல்களில் இருப்பது உயிர் என்பதை முதலில் மனத்திற் கொள்க. அசோஸ்பைரில்லம் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பயிருக்கு ஏற்றதாக ஆக்கித் தருகிறது. பாஸ்போபாக்டீரியா மண்ணில் கட்டுண்டு கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்து விடுகிறது. டிரைக்கோடெர்மா என்னும் நன்மைப் பூஞ்சை, வேரழுகலை உண்டாக்கும் தீய பூஞ்சைகளை அடக்குகிறது.

ஆயினும் உயிர் என்றால் அதற்கு உணவும் ஈரமும் நிழலும் வேண்டும் அல்லவா? மாட்டை வாங்கித் தீனியின்றிக் கட்டிவைப்பார் உண்டோ? சுடுமணலில் ஊற்றிய கரைசலும் அவ்வாறே வீணாகும். ஜப்பான் நாட்டு ஒகினாவாத் தீவின் பேராசிரியர் தெரூவோ ஹிகா 1980-களில் பரப்பிய ‘ஈ.எம்.’ கரைசலைச் சுவிட்சர்லாந்தில் நான்காண்டுகள் வயலிற் சோதித்தனர். கிட்டிய பயன் நுண்ணுயிரால் அன்று, அதனுடன் இட்ட மக்குப்பொருளால் விளைந்ததே என்று 2010-இல் அறிவித்தனர். அது குளிர்நாட்டு முடிவு. எனினும் நமக்கும் பாடம் உண்டு. எரு முன்னே, கரைசல் பின்னே.

ஆகவே குழியில் மக்கிய தொழுவுரமும் தேங்காய் மட்டையும் இடுக. மரத்தடியைப் பனையோலையாலோ சருகாலோ மூடுக. மாலை வேளையில், ஈரமுள்ள மண்ணில் கரைசலை ஊற்றுக. பூஞ்சணக்கொல்லி மருந்துகளுடன் கலத்தல் ஆகாது.

மற்றொன்றும் கூறவேண்டும். மண்ணிலுள்ள உப்பை எந்த நுண்ணுயிரும் அகற்றிவிடாது. மழைநீரைத் தேக்கி உப்பைக் கழுவி வடியவிடுவதே வழி. எனவே கன்று வாங்குமுன் மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதித்தல் அவசியம். இராமநாதபுரத்தில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருப்பது நமக்கு நல்வாய்ப்பு.

வீட்டிலேயே செய்யத்தக்க கரைசல்களும் உள. கோ. நம்மாழ்வார் (1938–2013) ஊர்தோறும் எடுத்துரைத்த இயற்கை வேளாண்மையில் அமுதக்கரைசல் பெயர் பெற்றது. பசுஞ்சாணம் 10 கிலோ, கோமியம் 10 லிட்டர், வெல்லம் 1 கிலோ ஆகியவற்றை 200 லிட்டர் நீரில் கலந்து, ஒரு நாள் ஊறவைத்துப் பாசன நீருடன் விடலாம். மீன் கழிவும் வெல்லமும் சம எடை கலந்து, 21 நாள் மூடிவைத்தால் மீன் அமிலம் கிடைக்கும். 10 லிட்டர் நீருக்கு 50 மில்லி போதும். உப்பிட்ட மீனைத் தவிர்க்க. பச்சை மீன் கழிவையும் நன்னீரில் அலசியே இடுக.

விலைக்கு வாங்குவோர் கவனிக்க: உயிர் உரங்கள் 2006 முதல் உரக்கட்டுப்பாட்டு ஆணைக்கு உட்பட்டவை. திரவ உரத்தில் மில்லி லிட்டருக்குப் பத்துக் கோடி உயிரணுக்களாவது இருத்தல் வேண்டும். நுண்ணுயிரின் பெயரும் காலாவதித் தேதியும் இல்லாத புட்டியை, எத்துணை மலிவாயினும் வாங்கற்க. வாங்கியதை வெயிலிலும் வைக்கற்க.

முடிவாக ஒரு யோசனை. சங்கம் மொத்தமாகக் கொள்முதல் செய்யுமுன், ஒரு தோட்டத்தில் ஒத்த வயதுடைய பத்து மரங்களைத் தெரிந்தெடுப்போம். பத்துக்கும் எரு ஒன்றே, நீர் ஒன்றே. ஐந்துக்கு மட்டும் கரைசல். செலவையும் காயின் எடையையும் ஈராண்டு ஏட்டில் குறித்து, பொதுக்கூட்டத்தில் வைப்போம். அந்தக் கணக்கே நமக்கு வழிகாட்டும். விளம்பரத்தை நம்பிச் செலவிட்டு, வட்டியை மட்டும் அறுவடை செய்யும் நிலை நம் அங்கத்தினர் எவருக்கும் வேண்டாம்.